ஜெர்மனியில் நட்பும் மொழியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லைப்சிக் நகருக்கு நான் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. சொந்த ஊர் மயிலாடுதுறைப் பக்கம். கணவருக்கு இங்கே வேலை கிடைத்தது. இரண்டு பெட்டி, ஓர் இட்லிப் பானை, நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் எழுதித் தேறிய ஜெர்மன் மொழி ஏ1 (தொடக்க நிலை) சான்றிதழ் ஆகியவற்றோடு நானும் வந்து இறங்கினேன். புதிதாக வருகிற தமிழர்கள் என்னிடம் கேட்பவை திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான். ஆளுக்கு ஆள் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். எனக்குத் தெரிந்தது லைப்சிக். ஹாம்பர்க்கிலும் மியூனிக்கிலும் சில பழக்கங்கள் மாறும்.

ஜெர்மானியர்கள் யாரோடும் பழக மாட்டார்களாமே, உண்மையா?

பழகுவார்கள், ஆனால் நம் வேகத்தில் அல்ல. எழும்பூரில் ரயில் ஏறினால் விழுப்புரம் வருவதற்குள் எதிர் இருக்கைக்காரரின் ஊர், உத்தியோகம், மூத்த பெண்ணுக்கு வரன் தேடும் கதை எல்லாம் நமக்குத் தெரிந்துவிடும். அவர் கொண்டுவந்த புளியோதரையில் ஒரு பங்கும் நம் கைக்கு வந்துவிடும். பெர்லினிலிருந்து மியூனிக் போகிற நான்கு மணி நேர ரயிலிலோ, எதிரே இருப்பவர் ஏறும்போது ஒரு வணக்கம் சொல்வார், இறங்கும்போது நல்ல நாளாக அமையட்டும் என்பார். நடுவில் ஒரு வார்த்தை இராது. அதை வெறுப்பு என்று நினைத்து முதல் ஆறு மாதம் நான் மனம் நொந்துகொண்டிருந்தேன். உங்களைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் அவர் கணக்கில் மரியாதை என்று பிறகுதான் புரிந்தது.

இன்னொன்று, 'நண்பர்' என்ற சொல்லை அவர்கள் சிக்கனமாகச் செலவழிப்பவர்கள். மூன்று ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கூட 'பெகன்டர்', அதாவது அறிமுகமானவர்தான். 'ஃப்ராய்ண்ட்' என்பது பள்ளி நாளிலிருந்து வருகிற இரண்டு மூன்று பேருக்கு உரிய சொல். அந்தப் பட்டியலில் ஏறுவது கடினம். ஏறிவிட்டால் யாரும் இறக்கிவிட மாட்டார்கள்.

'மைன் ஃப்ராய்ண்ட்' என்றால் 'என் நண்பர்' தானே? ஏன் சிரிக்கிறார்கள்?

ஒரு பெண் 'மைன் ஃப்ராய்ண்ட்' என்று சொன்னால் 'என் காதலர்' என்றே காதில் விழும். வகுப்புத் தோழர் ஒருவரைக் கணவரின் முன்னாலேயே நான் அப்படி அறிமுகப்படுத்தினேன். 'ஐன் ஃப்ராய்ண்ட் ஃபொன் மியர்' (என் நண்பர்களில் ஒருவர்) என்று சொல்லுங்கள், வீட்டில் அமைதி நிலவும்.

அப்படியானால் நண்பர்களை எங்கே தேடுவது?

தேடாதீர்கள் என்பதுதான் என் பதில். வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஏதாவது ஒரு வேலையைச் சேர்ந்து செய்கிற கூட்டத்தில் போய் நில்லுங்கள். மூன்றாவது மாதம் உங்கள் பெயரைச் சரியாகச் சொல்லத் தொடங்குவார்கள். ஆறாவது மாதம் நீங்கள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். இங்கே நட்பு முளைப்பது அந்தக் கேள்வியிலிருந்துதான். வெளிநாட்டவர் சந்திப்புக் கூட்டம் என்று நடப்பவற்றுக்கு முதல் ஆண்டு முழுக்கப் போய் வந்தேன். ஒவ்வொரு முறையும் புது முகங்கள், ஒவ்வொரு முறையும் எந்த ஊர், என்ன வேலை என்ற அதே நான்கு கேள்விகள். அவற்றால் எனக்கு மிஞ்சியது கைப்பேசியில் சில எண்கள்தான்.

சேர்ந்து செய்கிற வேலைக்கு இந்த நாட்டில் பஞ்சமே இல்லை. 'ஃபெரைன்' என்று சொல்லப்படும் பதிவுபெற்ற சங்கங்கள் 6 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. பதிவு செய்ய ஏழு உறுப்பினர்கள் இருந்தால் போதும். கால்பந்து, சதுரங்கம், தேனீ வளர்ப்பு, முயல் வளர்ப்பு, பழைய டிராம் வண்டிகளைப் பழுதுபார்ப்பது என்று எதற்கும் ஒரு சங்கம், அதற்கொரு தலைவர், பொருளாளர், ஆண்டுக் கூட்டம், கூட்டக் குறிப்பு எல்லாம் உண்டு. நம் ஊர்க் கோயில் திருவிழாக் குழுவைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. சண்டைகூட அதே ரகம்தான்.

பாட வருமென்றால் சேர்ந்திசைக் குழுவில் சேருங்கள். இசையமைப்பாளர் பாக் இருபத்தேழு ஆண்டுகள் இசைப்பணி செய்த ஊர் இது, குழுக்களுக்குக் குறைவில்லை. ஒரே வரியை முப்பது முறை பாடும்போது உச்சரிப்பு தானாகத் திருந்திவிடும். எனக்குப் பாட வராது. என் வழி தோட்டம்.

அது என்ன தோட்டச் சங்கம்?

'க்ளைன்கார்டன்' என்பார்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஆண்டு வாடகைக்கு எடுத்துப் பயிர் செய்யும் சிறு தோட்டம். இதற்கென்றே கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதில் உள்ள குடில் 24 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலத்திலாவது காய், கனி விளைய வேண்டும், வெறும் புல் வளர்த்துப் படுத்திருக்க விடமாட்டார்கள். இந்தத் தோட்டங்களுக்கு 'ஷ்ரேபர் தோட்டம்' என்ற பெயர் வந்ததே லைப்சிக்கிலிருந்துதான். இங்கே வாழ்ந்த மருத்துவர் ஷ்ரேபரின் பெயரில், அவர் இறந்தபின் 1864இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அது பிள்ளைகள் ஓடியாட ஏற்பட்ட மைதானம். ஓரமாகப் போட்ட காய்கறிப் பாத்திகள் பின்னால் பெருகிவிட்டன. இன்று இந்த நகரில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள்.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவுக்கு அப்படி ஒரு தோட்டம் இருந்தது. முழங்கால் வலியால் குனிய முடியவில்லை. நான் போய் வெங்காயப் பாத்தியில் களை எடுத்தேன். அடுத்த சனிக்கிழமையும் போனேன். ஆண்டுக்குச் சில மணி நேரம் எல்லா உறுப்பினரும் பொதுவேலை செய்தாக வேண்டும். அந்த அம்மாவின் பங்குக்கு நான் வேலி வெட்டினேன். தோட்டத்தில் வேலை செய்யும்போது வார்த்தை தெரியாவிட்டால் பொருளைத் தூக்கிக் காட்டலாம். மண்வெட்டி, களைக்கொத்து, நத்தை, எருக்குழி எல்லாம் எனக்கு ஜெர்மனில் அப்படித்தான் வந்தன. வங்கியில் கணக்குத் தொடங்கும் சொற்கள் அதற்கெல்லாம் பிறகுதான் வந்தன.

கோடை விருந்துக்கு ஒருநாள் மெதுவடை சுட்டுக் கொண்டுபோனேன். நடுவில் ஓட்டை, பொன்னிறம், ஆகவே இனிப்பு என்று முடிவுகட்டிப் பொருளாளர் ஒரே கடியாகக் கடித்தார். மிளகும் இஞ்சியும் பச்சைமிளகாயும் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்துபோயின. ஆனால் அடுத்த ஆண்டு அழைப்பிதழில் உருளைக்கிழங்கு சாலட், கேக் என்ற வரிசையில் 'காரமான வளையம்' என்றும் சேர்த்திருந்தார்கள், என்னைக் கேட்காமலே. அப்போதுதான் நான் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள் ஆகிவிட்டேன் என்று தெரிந்தது.

எந்த நிலை ஜெர்மன் வந்தபின் பழகத் தொடங்கலாம்?

ஏ1 போதும். பி2 என்ற மேல்நிலையை முடித்துவிட்டுப் பேசுகிறேன் என்பவர்கள், நீந்தக் கற்றபிறகு தண்ணீரில் இறங்குகிறேன் என்பவர்கள். அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பில் பொதுவாக மொழிக்கு 600 பாடவேளை, நாட்டைப் பற்றிய அறிமுகத்துக்கு 100 பாடவேளை. ஒவ்வொன்றும் 45 நிமிடம், மொழிப் பகுதியின் இலக்கு பி1 என்ற இடைநிலை. நல்ல வகுப்புதான், நானும் படித்தேன். ஆனால் என் வகுப்பில் சிரியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வந்தவர்கள் இருந்தார்களே தவிர, ஜெர்மன் பேசிப் பிறந்தவர் ஆசிரியை ஒருவர்தான். இருபது பேரும் ஒருவர் தப்பை இன்னொருவர் கற்றுக்கொண்டோம். அந்த வகுப்பு கொடுத்த சிரிய நண்பர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. மொழிக்கு அது மட்டும் போதாது என்கிறேன்.

நான் ஜெர்மனில் தொடங்கினால் அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்களே?

உதவுவதாக நினைத்துச் செய்கிறார்கள். 'இஹ் லெர்ன நோஹ், பிட்டெ டொய்ச்' (இன்னும் படிக்கிறேன், தயவுசெய்து ஜெர்மனிலேயே) என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். பாதிப்பேர் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்வார்கள்.

லைப்சிக் போன்ற ஊர்களில் இன்னொரு வழி இருக்கிறது. இது பழைய கிழக்கு ஜெர்மனி. 1990க்கு முன் பள்ளிப்படிப்பை முடித்தவர்களுக்கு முதல் அந்நிய மொழி ரஷ்ய மொழி. மூன்றாம் மாடி அம்மாவுக்கு ஆங்கிலத்தில் 'தேங்க்யூ' தாண்டி எதுவும் தெரியாது. எனக்கு ரஷ்ய மொழி தெரியாது. ஆக எங்கள் இருவருக்கும் நடுவில் ஜெர்மனைத் தவிர வேறு போக்கிடம் இருக்கவில்லை. உங்கள் வயதுக்காரர்களைத் தேடாமல் உங்கள் அம்மா வயதுக்காரர்களைத் தேடுங்கள். அவர்களுக்கு நேரமும் இருக்கும், பொறுமையும் இருக்கும்.

நாற்பது வயதுக்குமேல் மொழி ஏறுமா?

ஏறும், கொஞ்சம் மெதுவாக.

தமிழ் தெரிந்திருப்பது ஜெர்மன் படிக்க ஏதாவது வகையில் உதவுமா?

பிடித்தமான கேள்வி, சற்று நீளமாகவே சொல்கிறேன். நாம் செய்யும் பெரிய தவறு ஜெர்மனை ஆங்கிலத்தின் வழியாகப் படிப்பது. ஆங்கிலத்தை நினைத்துக்கொண்டு 'எனக்குக் குளிர்கிறது' என்பதை 'இஹ் பின் கல்ட்' என்று சொல்லிவிடுகிறோம். அதற்கு 'நான் உணர்ச்சியற்றவள்' என்று பொருள் போய்விடும். 'எனக்குச் சூடாக இருக்கிறது' என்பதை அதே வழியில் மாற்றினால் வருவதை இங்கே எழுத முடியாது. தமிழிலிருந்து நேராகப் போங்கள். எனக்கு, குளிராக இருக்கிறது: 'மியர் இஸ்ட் கல்ட்'. எனக்குப் பிடித்திருக்கிறது: 'மியர் கெஃபெல்ட் எஸ்'. எனக்கு வலிக்கிறது, உங்களுக்கு எப்படி இருக்கிறது எல்லாம் அதே அச்சுதான். நம் நான்காம் வேற்றுமை அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

வினைச்சொல்லும் அப்படியே. 'நான் நேற்று வேலைக்குப் போகாததால்' என்று நாம் வினையைக் கடைசியில்தான் வைப்போம். ஜெர்மனில் 'வைல்' (ஏனென்றால்) என்று தொடங்கும் துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குத்தான் போகும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதற்கு மாதக்கணக்கில் அழுவார்கள், நமக்கு அது பிறந்த வீடு.

அடுத்து 'டோஹ்' என்ற சின்னச் சொல். வாக்கியத்தில் உப்புப்போல் தூவுவார்கள். எந்த அகராதியும் எனக்குச் சரியாக விளக்கவில்லை. 'கொம்' என்றால் வா. 'கொம் டோஹ்' என்றால் 'வாயேன்'. அவ்வளவுதான்! நம்முடைய அந்த 'ஏன்' என்ற விகுதிதான் அது. 'நீ சாப்பிடவில்லையா?' என்ற கேள்விக்கு 'சாப்பிட்டேனே' என்று சொல்ல நினைத்தால் அங்கேயும் 'டோஹ்' வரும்.

காலை வாருகிற இடமும் ஒன்று உண்டு. நம் எழுத்தில் 'ப' ஒன்றுதான். சொல்லின் தொடக்கத்தில் வரும் வல்லோசையையும் மெல்லோசையையும் அவர்கள் பிரித்துச் சொல்வார்கள். 'பாக்கன்' என்பது ஒரு விதமாகச் சொன்னால் கேக் சுடுவது, இன்னொரு விதமாகச் சொன்னால் மூட்டை கட்டுவது. நான் குறிப்பேட்டில் ஜெர்மனைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படித்ததால் பல மாதம் கேக்கை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். ஆறுதல் என்னவென்றால், லைப்சிக் இருக்கும் சாக்சனி மாநிலத்தின் வட்டார வழக்கிலும் இந்த இரண்டும் கலந்துவிடும். கடைக்காரரிடம் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னால் 'கடினமானதா, மென்மையானதா?' என்று அவரே கேட்பார். நமக்கு ஏற்ற ஊர்.

வட்டார வழக்கு என்றதும் ஓர் எச்சரிக்கை. இங்கே 'நூ' என்றால் ஆமாம். வந்த புதிதில் டிராமில் 'இங்கே உட்காரலாமா?' என்று கேட்டேன், 'நூ' என்றார்கள். ஆங்கில 'நோ' என்று எண்ணி, காலி இருக்கையைப் பார்த்துக்கொண்டே ஒன்பது நிறுத்தம் நின்றேன்.

நீ, நீங்கள் என்ற வேறுபாடு ஜெர்மனிலும் உண்டா?

உண்டு. 'டூ' நீ, 'ஸீ' நீங்கள். கடவுளையும் தாயையும் 'நீ' என்பதுகூட நம்மைப் போலத்தான். வேறுபாடு ஒன்று. நம்மிடம் பெரியவர் பெரியவர்தான், எத்தனை நெருங்கினாலும் 'நீங்கள்' மாறாது. இங்கே 'நீ' என்பது மூத்தவர் இளையவருக்குக் கொடுக்கும் பரிசு. அவர் கொடுப்பதற்கு முன் எடுத்துக்கொள்ளக் கூடாது. கொடுத்தபின் வாங்காமல் விட்டால் மனம் வருந்துவார். இரண்டாம் ஆண்டுக் கோடையில், தோட்டத்து மரப்பலகையில் உட்கார்ந்துகொண்டு மூன்றாம் மாடி அம்மா, 'நாம் இனி டூ சொல்லிக்கொள்ளலாமே' என்றார். எழுபது வயதைத் தாண்டியவரை நீ என்று கூப்பிட என் நாக்கு வளைய மறுத்தது. ஏறத்தாழ ஒரு மாதம் முன்னிலைச் சொல்லே வராதபடி வாக்கியங்களைச் சுற்றிவளைத்துக் கட்டினேன். 'காப்பி வேண்டுமா?' என்று மட்டும் கேட்பேன், யாருக்கு என்று சொல்ல மாட்டேன். அந்த ஒரு மாதத்தில் என் இலக்கணம் நன்றாக வளர்ந்தது. அலுவலகங்களில் இளைஞர்கள் முதல் நாளே 'டூ' சொல்வார்கள், அங்கே இந்தக் கவலை வேண்டாம்.

நேரம் தவறினால் நிஜமாகவே கோபித்துக்கொள்வார்களா?

ஐந்து நிமிடம் என்றால் மன்னிப்பார்கள், பதினைந்து நிமிடம் என்றால் குறுஞ்செய்தி அனுப்பியாக வேண்டும். என் தாமதம் ஒரு மணி நேரம், அதற்குக் காரணம் தமிழ். 'ஹால்ப் ட்ரை' மணிக்குக் காப்பிக்கு வரச் சொன்னார் மூன்றாம் மாடி அம்மா. 'ஹால்ப்' அரை, 'ட்ரை' மூன்று. மூன்றரை என்று என் மூளை கூட்டிக்கொண்டது. அவர்களுக்கோ அது மூன்றாவது மணியில் பாதி, அதாவது இரண்டரை. நான் மூன்றரைக்குக் கேக்கோடு போய் நின்றேன். மேசையில் இரண்டு கோப்பைகள், அவருடையது குடித்து முடிந்திருந்தது. என்னுடையதன்மேல் சாஸர் கவிழ்த்து மூடியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக் கடிகாரத்தைக் கழற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, முள்ளைக் கையால் திருப்பித் திருப்பிப் பாடம் நடத்தினார்.

இந்தப் பகுதியில் இன்னும் ஒரு சிக்கல். 'ஃபியர்டெல் ட்ரை', சொல்லுக்குச் சொல் 'கால் மூன்று', இரண்டேகால். 'ட்ரைஃபியர்டெல் ட்ரை', 'முக்கால் மூன்று', இரண்டேமுக்கால். மேற்கிலிருந்து வரும் ஜெர்மானியர்களே இதில் தடுமாறுவார்கள். சந்தேகம் வந்தால் எண்ணாக எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

சந்திப்பை மூன்று வாரம் முன்பே நாள்காட்டியில் குறிப்பார்கள். இது நம்மைத் தள்ளிவைப்பது அல்ல. குறித்த நாளை அநேகமாக மாற்ற மாட்டார்கள். 'ஒருநாள் வீட்டுக்கு வாங்களேன்' என்று நாம் பொதுவாகச் சொல்லிவைப்பதைத்தான் அவர்களால் புரிந்துகொள்ள முடியவில்லை. எந்த நாள் என்று உடனே நாள்காட்டியைத் திறப்பார்கள்.

பக்கத்து வீட்டாரோடு எப்படித் தொடங்குவது?

பார்சல் மூலம். நீங்கள் வீட்டில் இல்லாதபோது வரும் பார்சலை அஞ்சல்காரர் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, யாரிடம் கொடுத்தார் என்று ஒரு சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். பகலில் வீட்டில் இருப்பவர் நீங்கள் என்று தெரிந்தால் கட்டடம் முழுவதன் பார்சலும் உங்களிடம்தான் வரும். அலுத்துக்கொள்ளாமல் வாங்கி வையுங்கள். மாலையில் ஒவ்வொருவராக மணியடிப்பார்கள். 'நன்றி, குளிர் அதிகமாகிவிட்டது இல்லையா?' என்று இரண்டு வரி. ஓர் ஆண்டில் நான் பேசிய ஜெர்மனில் பாதி என் வீட்டு வாசல்படியில் பேசியது. மூன்றாம் மாடி அம்மாவும் முதலில் ஒரு பார்சலுக்காகத்தான் வந்தார், உள்ளே இருந்தது முழங்கால் பட்டை.

ஞாயிறன்றும் இரவு பத்து மணிக்குமேலும் மிக்சி, துளை போடும் இயந்திரம் கூடாது. இட்லி மாவை சனிக்கிழமை மாலைக்குள் அரைத்துவிடுங்கள். ஞாயிறு காலை அரைத்தால் நட்புக்கு முன்பே பகை வந்துவிடும்.

வீட்டுக்கு அழைத்தால் என்ன எடுத்துப் போவது? என்ன செய்யக்கூடாது?

சின்னப் பூங்கொத்தோ, நீங்களே செய்த பலகாரமோ போதும். விலையுயர்ந்த பொருள் கொடுத்தால் சங்கடப்படுவார்கள். தோட்ட விருந்துக்கு ஆளுக்கொரு பண்டம் கொண்டுவருவது வழக்கம். யார் எதைக் கொண்டுவருகிறார் என்று முன்கூட்டியே பட்டியலும் போடுவார்கள். போதும் என்று சொல்லிவிட்டால் மறுபடி வற்புறுத்த மாட்டார்கள். நாம் மரியாதைக்கு ஒருமுறை மறுத்துவிட்டுக் காத்திருந்தால் பசியோடு வீடு திரும்ப வேண்டியதுதான். எனக்கு நடந்தது.

பிறந்த நாளுக்கு முன்கூட்டியே வாழ்த்துச் சொல்லாதீர்கள், அது கெட்ட சகுனம். இந்த அறிவியல் நாட்டில் சகுனம் பார்ப்பார்களா என்று கேட்காதீர்கள், பார்ப்பார்கள். அலுவலகத்தில் உங்கள் பிறந்த நாளுக்கு நீங்கள்தான் கேக் கொண்டுபோக வேண்டும், யாரும் வாங்கித் தருவார்கள் என்று காத்திருக்கக் கூடாது.

நாங்கள் மது அருந்துவதில்லை, சைவம். ஒதுக்கிவிடுவார்களா?

மாட்டார்கள். ஆப்பிள் சாற்றில் சோடா கலந்த 'ஷோர்ல' எங்கும் கிடைக்கும், அதைக் கையில் வைத்திருங்கள். கோப்பையை மோதும்போது எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும். சைவம் சாப்பிடுபவர்கள் லைப்சிக்கில் ஏராளம்.

கணவரோடு வந்திருக்கிறேன், வேலை இல்லை. நாள் முழுக்க வீட்டுக்குள்தான். எங்கே தொடங்குவது?

நானும் அப்படித்தான் வந்தேன். துணைவர் விசாவுக்குப் பல சமயம் ஏ1 கேட்பார்கள்; உயர்தகுதி வேலைக்கான 'புளூ கார்டு' அனுமதி வைத்திருப்பவரின் துணைக்கு அது தேவையில்லை. அதனால் ஒரு சொல்கூடத் தெரியாமல் வருகிறவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். வந்த மாதமே 'ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலெ' போய்ப் பாருங்கள். பெரியவர்களுக்கான பொதுக் கல்வி நிலையம் அது, ஏறத்தாழ எல்லா ஊரிலும் உண்டு. அங்கே மொழி வகுப்பு மட்டுமல்ல, தையல், மண்பாண்டம், சமையல் எல்லாம் கற்றுத்தருவார்கள். மொழி வகுப்பில் ஒரு இடம், தையல் வகுப்பில் ஒரு இடம் என்று இரண்டையும் பிடியுங்கள். முன்னதில் இலக்கணம் வரும், பின்னதில் பேச்சு வரும். பிள்ளை இருந்தால் விளையாட்டுத் திடல் இருக்கிறது. மணல்தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மற்ற அம்மாக்களும் உங்களைப் போலவே பேச ஆள் தேடுபவர்கள்.

கணவரின் அலுவலக நண்பர்களை உங்கள் நண்பர்களாக எண்ணிக்கொள்ளாதீர்கள். அங்கே எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள், வேலையைப் பற்றிப் பேசுவார்கள். உங்களுக்கென்று ஒரு கதவு வேண்டும்.

சாக்சனியில் வெளிநாட்டவர் மேல் வெறுப்பு அதிகம் என்கிறார்களே?

இல்லை என்று சொன்னால் பொய். 2024 செப்டம்பரில் நடந்த மாநிலத் தேர்தலில், குடியேற்றத்தை எதிர்க்கும் ஏஎஃப்டி கட்சிக்கு 30.6 விழுக்காடு வாக்கு விழுந்தது. லைப்சிக் நகரின் காற்று வேறு, சிற்றூர்களின் காற்று வேறு. டிராமில் ஒருமுறை ஒருவர் என்னைப் பார்த்து உரக்கத் திட்டினார். எனக்கு வார்த்தை புரிந்தது, பதில் சொல்ல வார்த்தை வரவில்லை. எதிரே பின்னல் போட்டுக்கொண்டிருந்த பெண் ஊசியை மடியில் வைத்துவிட்டு அவருக்குப் பதில் சொன்னார். இரண்டையும் நினைவில் வைத்திருக்கிறேன். இரவில் தனியாகப் போகும்போது கவனமாக இருங்கள், அதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்காதீர்கள்.

தமிழர்களோடு மட்டும் பழகினால் போதாதா?

வயிற்றுக்குப் போதும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தமிழ்க் குரல் வேண்டும்தான், அதை விட்டுவிடச் சொல்ல நான் யார்? ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயிலுக்குத் தேர்த் திருவிழா அன்று போய்ப் பாருங்கள். 1980களில் போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் கட்டிய கோயில். அவர்கள் இந்த மொழியை 'டொச்' என்பார்கள். அங்கே சந்தித்த ஓர் ஐயா, வகுப்பு எதற்கும் போகாமல் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே டொச் கற்றவர். 'பிழையாய்க் கதைத்தால் என்ன பிள்ளை, கதைக்கிறதுதான் முக்கியம்' என்றார். என் பி1 தேர்வுக்கு முன் கேட்ட அறிவுரைகளில் உருப்படியானது அதுதான்.

குளிர்காலத்தில் எல்லோரும் எங்கே போய்விடுகிறார்கள்?

வீட்டுக்குள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், தோட்டம் பூட்டிக்கிடக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை புது நட்பு பிடிப்பது கடினம், ஆகவே கோடையில் தொடங்கியதை இழுத்துப் பிடித்து வைத்திருங்கள். டிசம்பர் 24 இரவு குடும்பத்துக்கு உரியது. அன்று யாரும் அழைக்கவில்லை என்று வருந்தாதீர்கள், முதல் நாளே பால், காய் வாங்கி வைத்துவிடுங்கள்.

தப்பாகப் பேச வெட்கமாக இருக்கிறது. என்ன செய்வது?

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தரங்கம்பாடி இருக்கிறது. 1706இல் சீகன்பால்க் என்ற ஜெர்மானியர் அங்கே கப்பலில் வந்து இறங்கினார். ஹாலே நகரில் படித்தவர், வயது இருபத்துநான்குகூட நிறையவில்லை. தமிழ் ஒரு சொல் தெரியாது. திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, அந்தச் சிறுவர்களோடு சிறுவராகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். சில ஆண்டுகளில் தமிழில் அச்சுப் புத்தகமே போட்டார்.

ஹாலே இங்கிருந்து உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடும் தூரம்தான். அங்குள்ள ஃபிராங்கே அறக்கட்டளையில் தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். இந்தக் கதையை நான் சொன்னதும் மூன்றாம் மாடி அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஹாலேக்குப் புறப்பட்டார். பிப்ரவரி மாதம். திரும்பும் ரயிலில் ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு, 'எனக்கும் ஓர் எழுத்துச் சொல்லிக்கொடு' என்றார். நான் கண்ணாடியில் 'அ' எழுதினேன். பக்கத்தில் அவர் எழுதினார். சுழியை எதிர்ப்பக்கமாகச் சுழித்து, காலை நீட்ட வேண்டிய இடத்தில் நிறுத்தி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

'நூ?' என்று கேட்டார்.

கோடு கொஞ்சம் கோணல்தான். 'நூ' என்றேன்.